சுண்ணாம்புக் கையின் ரேகை

மே 2, திங்கள்

வெள்ளைக்கையாரே, நாளை மறுநாள் கத்திரி ஆரம்பம். இப்போதே ஓடு கொதிக்கிறது. குழாயில் தண்ணீர் காலை ஆறரைக்கு வந்து ஏழுக்கு நின்றுவிட்டது. நாலு குடம் பிடித்தேன்.

இது போன வருஷத்து டைரி. சாயக் கம்பெனிக்காரர், நீங்கள் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் கொடுத்தார் என்று நீங்கள் கொண்டுவந்தது. "நீதான அஞ்சாவது வரைக்கும் படிச்சவ, எழுது" என்றீர்கள். ஒரு பக்கமும் எழுதாமல் வருஷம் போனது. நீங்களும் போனீர்கள். தேதி சரியாக இருக்கிறது. கிழமையை மட்டும் அடித்து எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது:
பித்தளைக் குடத்துக்கு ஒட்டு.
ஜமீலா வீட்டு அம்மியைத் திருப்பிக் கொடுக்க.
வியாழக்கிழமைக்கு லீவு.
வேலூர் ஆஸ்பத்திரிக் கடிதம், திரும்ப ஒரு தரம் படிக்க.

கமிட்டிக்கு மூன்றாவது முறை போகப்போகிறேன். கடிதத்தில் ஆராய்ச்சி நெறிமுறைக் குழு என்று இருக்கிறது. மனுஷர் உடம்பில் எந்த ஆராய்ச்சி செய்வதானாலும் இந்தக் கமிட்டி சரி என்றால்தான் ஆஸ்பத்திரியில் செய்ய முடியுமாம். டாக்டர்கள் நாலு பேர், ஒரு வக்கீல், தலைவராக ரிட்டையரான பள்ளிக்கூட எச்.எம். ஒருவர், ஊர்ச் சனத்தில் ஒருத்தி. அந்த ஒருத்தி நான். இன்னும் நம்ப முடியவில்லை.

ஷூ கம்பெனியில் லீவு கேட்டேன். சூப்பர்வைசர், "இன்னாம்மா, வியாழக்கிழமை எத்தினி ஆபரேஷன்?" நூல் வெட்டுகிற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜமீலா வந்தாள். "அக்கா, டாக்டருங்களுக்கே நீ பரீட்சை வெக்கிறியாமே. யாருக்காவது பெயில் போட்டியா?"

"இன்னும் ஒருத்தருக்கும் போடலடி."

"போடு அக்கா. என் மாமியாருக்கு ஒருத்தன் ஊசி போட்டு கை பூசணிக்காய் ஆச்சே, அவனுக்கு மொதல்ல போடு."

மே 5, வியாழன்

காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பள்ளிகொண்டா தாண்டியதும் ஜன்னல் கம்பி சுட்டது. தோல் நாற்றம் அங்கேதான் விடுகிறது. உங்களுக்கு அந்த நாற்றம் விட்டால் பசிக்காது என்பீர்கள்.

கமிட்டி அறை. நீள மேஜை, மேலே மூன்று காற்றாடி. என் பெயரை அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். முன்னாலே தண்ணீர் டம்ளர், மூடியோடு.

முதல் விஷயம், பிறந்த குழந்தைகளின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பது. ஒரே ஒரு சொட்டு. அதற்கு முக்கால் மணி நேரம் பேசினார்கள்! நம் தெருவில் கொசு யாரைக் கேட்டுக் குடிக்கிறது? இவர்கள் ஒரு சொட்டை நடுவில் வைத்துக்கொண்டு, வலிக்குமா, யார் எடுப்பது, யாருக்கு லாபம், தாயைக் கேட்டாச்சா என்று. கோயிலில் தீபம் காட்டும்போது பேச்சு நின்றுபோகும் இல்லையா, எனக்கு அப்படி ஆகிவிட்டது.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. அவசரம் இல்ல."

"பெத்த அன்னிக்கே கேக்காதீங்கய்யா. அந்த வலியில எது கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவோம்."

அதை எழுதிக்கொண்டார்கள். நான் சொன்னதை, நாலு டாக்டர்கள், பேனாவால். நமக்குப் பிள்ளை தங்கவில்லை. அந்த வலியாவது இன்று ஒரு காரியத்துக்கு ஆனது.

இரண்டாவது விஷயம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் ஊர் தோல் ஷாப்புகளில் மயிர் உதிரத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழி ஆட்களின் நெஞ்சு பற்றி ஆராய்ச்சி. சொன்னவர் சின்ன டாக்டர், நல்ல பையன், மரியாதை தெரிந்தவர். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தாகிவிட்டதாம். அடுத்தது மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, நெஞ்சுக்குள் தண்ணீர் ஊற்றி, அதை வெளியே எடுத்துப் பார்ப்பது.

உங்களுக்கு விட்ட அதே குழாய்.

நாற்பது பேர் ஒத்துக்கொண்டு விட்டார்கள் என்றார். காகிதக் கட்டு கை மாறி வந்தது. பெயர், வயசு, அடியில் கட்டைவிரல். ஒன்பதாவது காகிதம், உங்களோடு குழியில் நின்ற நம் ஏழுமலை அண்ணன். ரேகை அழகாக விழுந்திருந்தது. சுற்றிச் சுற்றி, தேன்குழல் முறுக்கு மாதிரி. பத்தாவதும் அப்படி. பதினொன்றாவதும்.

ஏதோ உறுத்தியது. என்ன என்று தெரியவில்லை. நேரமாகிவிட்டது என்று, முடிவை 19-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். டீயும் ரெண்டு பிஸ்கட்டும். பிஸ்கட்டை ஜமீலா பிள்ளைகளுக்குக் கொண்டு வந்தேன்.

மே 6, வெள்ளி

காலை. புழுக்கம். உலையில் அரிசி போடும்போது பளிச்சென்று புரிந்தது. பெட்டியை இறக்கி உங்கள் யூனியன் கார்டை எடுத்தேன். கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் நீல மேகம் மாதிரி ஒரு கறை. கோடே இல்லை.

குழியில் இருப்பவர்களுக்கு ரேகை ஏது? சுண்ணாம்பு தின்றுவிடும். முழங்கை வரைக்கும் வெளுத்து, விரல் நுனி கூழாங்கல் மாதிரி. என் முதுகைச் சொறிந்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகுமே. அதை வைத்துத்தானே உங்களுக்கு வெள்ளைக்கையார் என்று நான் பேர் வைத்தேன். நாற்பது சுண்ணாம்புக் கைகளுக்கு நாற்பது முறுக்கு எப்படி விழும்?

சோறு குழைந்துவிட்டது.

சாயங்காலம். தோல் ஷாப்புக்கு வெள்ளி லீவு. ஏழுமலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலில் படுத்து இருமிக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி. கமிட்டி மெம்பர் நம்ம வூட்டுக்கு வந்திருக்காங்கடி, சோடா வாங்கியா" என்று பெண்சாதியைக் கூப்பிட்டார்.

"சோடா எல்லாம் வேணாம். அண்ணா, ஆஸ்பத்திரிக் காகிதத்துல கைநாட்டு வெச்சீங்களா?"

"கைநாட்டா? கையில இன்னா இருக்குது நாட்றதுக்கு?" விரலை விரித்துக் காட்டினார். "ஒரு ஆள் வந்தாரு. மேஸ்திரி எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சாரு. ஒரு டப்பாவுல ஊதச் சொன்னாங்க. ஊதினோம். பன்னு குடுத்தாங்க."

"நெஞ்சுக்குள்ள குழாய் விடறதைப் பத்தி?"

"எந்தக் குழாய்?"

சொன்னேன். அவர் இருமல் நின்றுவிட்டது. "மேஸ்திரி சொன்னா எப்டி வேணாம்னு சொல்றது தங்கச்சி? மறுநாளு வேலைக்குப் போவணுமே" என்றார். நான் கேட்காத கேள்விக்குப் பதில்.

வரும் வழியெல்லாம் நீங்கள் கடைசியாகக் கிடந்த நெஞ்சு வார்டுதான் நினைவில். நர்ஸ் உங்கள் விரலை மையில் மூன்று தரம் அழுத்தினாள். மூன்று தரமும் கறை. "இன்னாங்க இது, ரேகையே வரல. நீங்க போடுங்கம்மா" என்று குழாய் விடுவதற்கான காகிதத்தை என் பக்கம் நகர்த்தினாள். போட்டேன். என் பெயரை, முத்து முத்தாக. நீங்கள் விழித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். என்னைப் பார்த்துக்கொண்டே.

மே 10, செவ்வாய்

அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். பிடிக்கட்டும். வேலூர் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். நெஞ்சு வார்டில் உங்களைப் பார்த்த அதே அம்மா. கமிட்டி டாக்டர் நாலு பேரில் அவரும் ஒருவர், என்னை அங்கே கூப்பிட்டதும் அவர்தான்.

ரேகையைச் சொன்னேன். யூனியன் கார்டைக் காட்டினேன். கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இருபது வருஷமா இந்தக் குழி ஆளுங்க கையைப் பிடிச்சு நாடி பாத்திருக்கேன். விரலைப் பாக்கலியே" என்றார்.

எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன். "அவருக்கு விட்ட குழாய் அவருக்காகவா, உங்க படிப்புக்காகவா?"

கண்ணாடியைக் கழற்றினார். "பாதி பாதின்னு சொல்லி நான் தப்பிச்சுக்கலாம். அது உண்மை இல்லம்மா. அதனால அவருக்கு ஒரு நாள்கூட ஜாஸ்தி ஆகாதுன்னு எனக்குத் தெரியும். மத்தவங்களுக்குப் பிரயோசனம் ஆகும்னுதான் செஞ்சேன். அவர் உயிர் போனது அதனால இல்ல. ஆனா ரெண்டு நாள் அவருக்குத் தொண்டை கட்டினது அதனாலதான். உங்ககிட்ட ரெண்டு வரி சொன்னேன். தலையாட்டினீங்க. அவரை நான் கேக்கவே இல்ல."

"அதுக்குத்தான் என்னைக் கமிட்டிக்குக் கூப்பிட்டீங்களா?"

"ஆமா."

கோபம் வந்தது. வரவில்லை என்று இங்கே பொய் எழுத முடியாது. அந்தக் கடைசி ரெண்டு நாள் நீங்கள் என்னவோ சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடியதும், தொண்டை கட்டியிருக்கிறது, அலட்டிக்காதீங்க என்று நான் சொன்னதும் கண்முன் வந்தது. ஆனால் இவ்வளவு பெரிய டாக்டர், என்னிடம், கதவைச் சாத்தாமல், நான் கேக்கல என்று சொல்கிறார். இப்படி ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்லை. கோபமும் அதுவும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு இருந்தேன்.

பிறகு அவர், "அவர் நெஞ்சுலேர்ந்து எடுத்ததை ஒரு கண்ணாடித் துண்டுல வெச்சிருக்கேன். பாக்கறீங்களா? வேணாம்னா வேணாம்."

என்னைக் கேட்டார். பார்க்கிறேன் என்றேன்.

ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கிற கருவி. முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. அவர் எதையோ திருகினார். வட்டமாக வெளிச்சம். அதற்குள் ஊதாவும் ரோஸும், பூப்போட்ட சீட்டித் துணி மாதிரி. நடுவில் நடுவில் கறுப்புப் பொடி. "இது அவர் மூச்சுல இழுத்தது" என்றார். முப்பது வருஷம் நீங்கள் இழுத்த மூச்சு! அது இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? உங்களைப் புதைத்து ஒன்பது மாசம் ஆகிறது. இது மட்டும் மண்ணுக்குள் போகாமல், ஒரு விரல் அகலக் கண்ணாடியில், வெளிச்சத்தில்.

கும்பிடத் தோன்றியது. டாக்டர் இருந்ததால் கும்பிடவில்லை.

பஸ்ஸில் பக்கத்து ஆள், "இன்னாம்மா, ஆஸ்பத்திரியில யாரு?" என்று கேட்டார். வீட்டுக்காரர் என்றேன். "எப்டி இருக்காரு?" நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மே 14, சனி

வெயில். ஷிப்மென்ட் அவசரம், ஓவர்டைம். விரலெல்லாம் கத்தரிக்கோல் தழும்பு. என் ரேகையை விளக்கில் பார்த்தேன். தெளிவாகத்தான் இருக்கிறது. குடத்துக்கு ஒட்டு போட்டாச்சு. ஒழுகவில்லை.

ஜமீலா கேட்டாள், "பேஜார் எதுக்கு அக்கா உனக்கு? பெரிய மனுஷங்க சமாச்சாரம். பேசாம டீ குடிச்சிட்டு வந்துடேன்." அவள் சொல்வதும் ஒரு பேச்சுதான். மேஸ்திரி காதுக்குப் போனால் ஏழுமலை அண்ணனுக்கு வேலை இருக்காது. ஆராய்ச்சி நின்றால் குழியில் நெஞ்சு கெடுவது யாருக்கும் தெரியாமலே போகும். இரண்டும் என் தலையில்.

மே 19, வியாழன்

வந்ததும் விளக்கைப் போட்டு எழுதுகிறேன்.

நான்தான் முதலில் பேசினேன். "ஐயா, இந்தக் கைநாட்டு சுண்ணாம்புக் குழி ஆளுங்களோடது இல்ல."

வக்கீல் சிரித்தார். "ரேகை இல்லாத மனுஷன் உண்டாம்மா? கடவுள் போட்டு அனுப்பற முத்திரை அது."

"கடவுள் போட்டது உண்மைதாங்க. சுண்ணாம்பு அழிச்சிடுச்சு." உங்கள் கார்டை மேஜையில் வைத்தேன்.

வக்கீல் சிரிப்பை நிறுத்தினார். பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்தார். கார்டைப் பார்த்தார். காகிதக் கட்டை ஒவ்வொன்றாகத் திருப்பினார். பாதிக் கட்டு போனதும், "எல்லாத்துலயும் குறுக்க ஒரு வெட்டுத் தழும்பு" என்றார். "எல்லாத்துலயும் ஒரே தழும்பு."

நாற்பது பேருக்கும் ஒரே விரல்.

சின்ன டாக்டர் எழுந்தார். கைநாட்டு வாங்கிய ஆளை அவரே போய் அழைத்துவந்தார். ஐம்பது வயசு இருக்கும், வழுக்கை, கதர்ச் சட்டை. வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு நின்றார்.

"அவங்க விரலை வெச்சா மை மட்டும்தான் சார் விழுது. தெளிவா இல்லேன்னு ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. எல்லாரும் தலையாட்டினாங்க சார். நான் யாரையும் ஏமாத்தல. அவங்களுக்குப் பதிலா நானே…"

எல்லாரும் அவரை முறைத்தார்கள். என்னால் முறைக்க முடியவில்லை. அவர் நாற்பது பேருக்குப் போட்டார். நான் ஒருத்தருக்குப் போட்டேன்.

தலைவர் என்னைத்தான் கேட்டார். "என்ன செய்யலாம்மா? ஆராய்ச்சியையே தள்ளிடலாமா?"

"தள்ள வேணாங்கய்யா. அந்த நெஞ்சுக்குள்ள இன்னா இருக்குதுன்னு யாராவது பாக்கணும். ஆனா கேளுங்க. ஒவ்வொருத்தரா கேளுங்க."

எழுதிக்கொண்டது: பழைய காகிதம் செல்லாது. ஷாப்புக்கு வெளியே வைத்துக் கேட்கணும். மேஸ்திரி பக்கத்தில் இருக்கக் கூடாது. வேணாம் என்றால் வேலையும் போகாது, வைத்தியமும் நிற்காது, இது முதல் வரியிலேயே வரணும். ரேகை விழாதவர் வாயால் சொன்னால் போதும், அவர் நம்புகிற ஆள் ஒருத்தர் சாட்சி. கேட்கும்போது கமிட்டியிலிருந்து நான் கூட இருக்கணும்.

கடைசி வரியை டாக்டரம்மா சொன்னார். என் பக்கம் பார்க்காமல்.

நாலு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு எச்.எம்., நாற்பது காகிதம், இத்தனையையும் உங்கள் வழவழப்பான விரல் ஒன்று நிறுத்திவைத்தது.

மே 27, வெள்ளி

விடியற்காலை நாலு தூறல். மண் வாசனை மட்டும் வந்தது. முனிசிபல் பள்ளிக்கூடம், லீவு என்பதால் காலி. சின்ன டாக்டர் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். நான் ஓரத்தில். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். குளித்து, தலை சீவி, வெள்ளை வேட்டி கட்டி. கல்யாணத்துக்கு வருவது போல.

டாக்டர் குழாயை அவர்கள் கையிலேயே கொடுத்தார். தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

ஏழுமலை அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மூக்குல போயி நெஞ்சு வரைக்கும் போவுதா?"

"போகும். இருமல் வரும். தொண்டை ரெண்டு நாள் வலிக்கும்."

"இதால என் இருமல் நிக்குமா சார்?"

"நிக்காதுங்க. இதால உங்களுக்கு ஒரு லாபமும் இல்ல. இனிமே குழிக்கு வேலைக்கு வர்றவங்களுக்குப் பிரயோசனப்படலாம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த வாய்ப்பாட்டைப் பார்த்தேன்.

"வேணாம் சார்."

"சரிங்க. வந்ததுக்கு நன்றி." டாக்டர் காகிதத்தில் 'மறுத்தார்' என்று எழுதினார். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. "அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

"மேஸ்திரிகிட்ட சொல்லிடுவீங்களா?"

"மாட்டேன்."

"மாத்திரை?"

"வழக்கம்போல வந்து வாங்கிக்குங்க."

அப்போதும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். கூரை இடிந்து விழப்போகிறது என்று காத்திருந்த மாதிரி. ஒன்றும் விழவில்லை. வெளியே வேப்ப மரத்தடியில் என்னை நிறுத்திச் சிரித்தார். இருமிக்கொண்டே சிரித்தார். "தங்கச்சி, பேன்ட் போட்டவன்கிட்ட வேணாம்னு வாயத் தொறந்து சொன்னது என் ஜென்மத்துல இன்னிக்குத்தான். அவன் நன்றின்னு சொல்றான்!"

அவருக்குப் பின்னால் வந்தவர் சரி என்றார். அவருக்குப் பின்னால் வந்தவரும். "என் புள்ளையும் குழியிலதான் எறங்குவான், பாத்துக்குங்க" என்று ஒருத்தர் குழாயை டாக்டர் கையில் திருப்பிக் கொடுத்தார். கேட்டபிறகு சொன்ன சரி. அதற்கு ஒரு முகம் இருக்கிறது. சாயங்காலம் வரைக்கும் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் முகத்தை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

சோறு வைக்கவில்லை. ஜமீலா ரொட்டி கொடுத்தாள். தெருவில் தூறல் காய்ந்துவிட்டது. உங்கள் யூனியன் கார்டு டைரிக்குள் இருக்கிறது, இந்தப் பக்கத்தில்.

வெள்ளைக்கையாரே, அன்றைக்குப் பேனாவை எடுப்பதற்கு முன்னால் உங்கள் பக்கம் திரும்பி ஒரே ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால், நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?